பனியனுக்கு என்ன ஸ்பெல்லிங்?

முதல்ல ஒரு சின்ன பரீட்சை. இங்கிலீஷ்ல 'பனியன்' ஸ்பெல்லிங் சொல்லுங்க பார்ப்போம்.

"பி, ஏ, என்" வரைக்கும் எல்லாரும் ஒழுங்கா வந்துடுவீங்க. அடுத்து 'ஐ'யா, 'ஒய்'யாங்கறதுலதான் நாடு ரெண்டாப் பிரியும். எனக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி இல்லைங்க, பொழப்பு. பெங்களூர்ல, ஆன்லைன்ல துணிமணி விக்கிற ஒரு கம்பெனியில தேடல் பெட்டியைப் பார்த்துக்கறதுதான் என் வேலை. நீங்க அந்தப் பெட்டியில எதைத் தட்டினாலும், உங்க மனசுல இருக்கற பொருளைக் கொண்டுவந்து முன்னாடி நிறுத்தணும். அதுக்காக ஒரு பெரிய பட்டியல் வெச்சிருக்கோம். எந்த வார்த்தைக்கு எது சொந்தம், எது பங்காளின்னு அதுல இருக்கும். அந்தப் பட்டியல்ல எங்களை ரொம்பப் படுத்தின வார்த்தை நம்ம பனியன்தான்.

'ஐ' போட்டு ஒருத்தர் தேடுவார். 'ஒய்' போட்டு இன்னொருத்தர். எதுக்கு வம்புன்னு 'ஐ', 'ஒய்' ரெண்டையும் சேர்த்துப் போட்டு ஒருத்தர். வடக்கே இருந்து வர்றவர் கடைசியில 'ஏ'யை ரெண்டு தடவை தட்டுவார். 'ஒய்' ஸ்பெல்லிங்கை மட்டும் நம்பினா ஆலமரப் படம் போட்ட டி-ஷர்ட் வந்து நிக்கும், ஏன்னா ஆலமரத்துக்கும் இங்கிலீஷ்ல அதே பேருதான். "பேசாம வெஸ்ட்னு வெச்சுக்கலாமே"ன்னு டீம்ல ஒரு பையன் சொன்னான். பிரிட்டிஷ்காரனுக்கு வெஸ்ட்னா உள்ள போடற பனியன். அமெரிக்காக்காரனுக்கு வெஸ்ட்னா கோட்டுக்குள்ள போடற கையில்லாத கோட்டு. நம்ம ஊர்ல ரெண்டு அர்த்தமும் புழக்கத்துல இருக்கு. ரிசப்ஷனுக்கு கோட்டு தேடற மாப்பிள்ளை முன்னாடி எண்பது சென்டிமீட்டர் வெள்ளை பனியனை நீட்டினா நல்லாவா இருக்கும்? :-)

கடைசியில 'ஐ' போட்ட ஸ்பெல்லிங்கைத் தலைச்சொல்லா வெச்சு, மத்த எல்லாத்தையும் அதுக்குக் கீழே கோத்துவிட்டேன். ஏன் 'ஐ'ன்னு மேனேஜர் கேட்டார். "எங்க ஊர்ல அப்படித்தான் சார் எழுதுவாங்க"ன்னேன். "எந்த ஊர்?"ன்னார். "திருப்பூர்"ன்னேன். அதுக்கு மேல அவர் கேக்கலை. பனியன் விஷயத்துல திருப்பூர்க்காரன்கிட்ட யார் வாதாடுவாங்க!

ஆனா அந்த வார்த்தை எங்கே இருந்து வந்துச்சுன்னு அன்னிக்குத் தோண்ட ஆரம்பிச்சேன். அது நான் நினைச்சதைவிடப் பெரிய கிணறா இருந்துச்சு.

முதல்ல ஊர் வழக்கைச் சொல்லிடறேன். திருப்பூர்ல பனியனுக்கு அகராதியில இல்லாத அகலம் உண்டு. உள்ள போடறது மட்டும் பனியன் கிடையாது. டி-ஷர்ட்டும் பனியன். காலர் வெச்சிருந்தா காலர் பனியன். பின்னல் மெஷின்ல ஓடி வர்ற எந்தத் துணியும் பனியன் துணி. வெட்டினது போக மிச்சம் பனியன் வேஸ்ட். மெக்கானிக் பட்டறைகள்ல கிரீஸ் துடைச்சுக்கிட்டு இருக்கறது அதுதான். ஜெர்மனிக்கு நைட் டிரஸ்ஸே தைச்சாலும் தைக்கிற இடத்துக்குப் பேரு பனியன் கம்பெனி. பேப்பர்ல 'பின்னலாடை நகரம்'னு போடுவாங்க. காலையில டிபன் கேரியரைத் தூக்கிட்டுக் கிளம்பற யாரும் "பின்னலாடை நிறுவனத்துக்குப் போயிட்டு வர்றேன்"னு சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்து உச்சரிப்பு. இங்கிலீஷ்காரன் முதல் அசையை அழுத்தி 'பேன்யன்'னு ரெண்டே அசையில முடிச்சுடறான். இந்திக்காரர் கடைசியை நீட்டி 'பனியான்'ங்கறார். நாம எதையும் அழுத்தாம, எதையும் நீட்டாம மூணு அசையா சொல்றோம். எழுதறதுலதான் சிக்கல். தமிழ்ல 'ப' ஒண்ணுதானே. சொல்லுக்கு முதல்ல வந்தா 'பனி', 'பல்' மாதிரி வல்லினமா ஒலிக்கறது தமிழ் மரபு. இது வெளியே இருந்து வந்த சொல்லுங்கறதால எழுத்தை ஒரு மாதிரி எழுதி, வாயில வேற மாதிரி சொல்றோம். எங்க அமுச்சிக்கு அந்த சிக்கல் எல்லாம் இல்லை. "மார்கழிப் பனிக்குப் போடறதுனாலதான் கண்ணு அது பனியன்"னு ஒரே வரியில ஆராய்ச்சியை முடிச்சு வெச்சுது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்லை.

காலேஜ் கடைசி வருசம் ஒரு கேம்பஸ் இன்டர்வியூ. "அப்பா என்ன செய்யறார்?"னு கேட்டாங்க. "பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர்"ன்னேன். எதிர்ல உக்காந்திருந்த வடநாட்டு அதிகாரிக்கு முதல் வார்த்தை மட்டும் காதுல விழுந்துது போல. "ஓ, பனியா? பிசினஸ் ஃபேமிலியா?"ன்னார். இந்தியில பனியான்னா வியாபாரி. ஒரே நிமிஷத்துல எங்கப்பாவை முதலாளி ஆக்கிட்டார் மனுசன். "இல்லை சார், உள்ள போடறது"ன்னு சட்டைக் காலரை லேசா இழுத்துக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க.

வேடிக்கை என்னன்னா, அவர் சொன்னதுதான் வேர். பனியனும் பனியாவும் ஒரே வார்த்தை!

சமஸ்கிருதத்துல வணிஜ்னா வியாபாரி. குஜராத்தியில அது 'வாணியோ' ஆச்சு. நம்ம வணிகர், வாணிகம் எல்லாம் அதே குடும்பம்தான். திருக்குறள்ல 120-வது குறள்லயே வாணிகம் இருக்கு. குஜராத் வியாபாரிகள் அரபு நாடு, பாரசீகம்னு கடல் தாண்டி வியாபாரம் செஞ்சவங்க. அரபுக்காரங்க வாயிலயும் போர்ச்சுகீசியர் வாயிலயும் புரண்டு 'வ' போய் 'ப' வந்து, அந்த வியாபாரிகளுக்கு 'பனியன்'னு பேராச்சு. போர்ச்சுகீசியர் கிட்ட இருந்து இங்கிலீஷ்காரன் வாங்கிக்கிட்டான். ஆக, இங்கிலீஷ்ல பனியன்னா முதல்ல ஒரு ஆள். அப்புறம்தான் மத்ததெல்லாம்.

அந்த ஆளோட பேரை இங்கிலீஷ்காரன் என்னென்னத்துக்கு வெச்சான்னு பாருங்க.

ஒண்ணு, மரம். பாரசீக வளைகுடாவுல கோம்ப்ரூன்னு ஒரு துறைமுகம், இப்ப பந்தர் அப்பாஸ். அங்க குடியிருந்த இந்திய வியாபாரிகள் ஒரு பெரிய ஆலமரத்தடியில சின்னதா கோயில் கட்டிக் கும்பிட்டாங்க. அந்த வழியா வந்த ஐரோப்பியப் பயணிகள் அதைப் பனியன்களோட மரம்னு சொல்லப் போய், அந்த ஒத்தை மரத்தோட பேரு உலகத்துல இருக்கற எல்லா ஆலமரத்துக்கும் ஒட்டிக்கிச்சு. நம்ம நாட்டோட தேசிய மரத்துக்கு இங்கிலீஷ்ல பேரு வந்தது ஈரான்ல இருந்த ஒரு மரத்தால!

ரெண்டு, பட்டினி. பிரிட்டிஷ் கடற்படையில கறி போடாத நாளுக்கு 'பனியன் நாள்'னு பேரு. குஜராத் வியாபாரிகள் கறி சாப்பிடாதவங்கங்கறதால வந்த கிண்டல். இப்ப அதே கடற்படையில பனியன்னா கரையில இறங்கி கறி சுட்டுச் சாப்பிடற பிக்னிக். அர்த்தம் தலைகீழா கவுந்து போச்சு, வார்த்தை மட்டும் அப்படியே இருக்கு.

மூணு, அங்கி. 17, 18-ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல பணக்கார ஆம்பளைங்க வீட்டுல இருக்கும்போது போட்டுக்கிட்ட தளதளன்னு நீளமான கவுனுக்கு பனியன்னு பேரு. பட்டுலயும் தைச்சாங்க, நம்ம சோழமண்டலக் கரையில இருந்து போன பூப்போட்ட சீட்டித் துணியிலயும் தைச்சாங்க. டைரி எழுதிப் புகழ் வாங்கின லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ், 1666-ல தன் படம் வரையறதுக்காக ஒரு இந்திய அங்கியை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கிட்டார். நம்ம ஊர்ல ஸ்டூடியோவுல கோட்டு வாடகைக்கு வாங்கி போட்டோ எடுப்பாங்களே, அதேதான். அந்தப் படம் இன்னும் லண்டன் நேஷனல் போர்ட்ரெயிட் கேலரியில இருக்கு.

அந்த முழு நீள அங்கிதான் இந்தியாவுல கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி, சட்டைக்கு உள்ள போச்சு. யூல், பர்னெல்னு ரெண்டு பேர் சேர்ந்து செஞ்ச 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886-ல வந்தது. (பர்னெல் நம்ம தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர்.) அதுலயே பனியனுக்கு, முன்னாடி மஸ்லின்ல இருந்த உள்சட்டை, இப்ப இழுத்தா நீளற பருத்தி, கம்பளி, பட்டு உள்ளாடைங்கற மாதிரி அர்த்தம் குடுத்திருக்காங்க. திருப்பூர்ல 1925-ல பேபி நிட்டிங்னு முதல் பனியன் பட்டறை வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அப்படிப் பார்த்தா, ஊருக்கு மெஷின் வர்றதுக்கு நாப்பது வருசம் முன்னாடியே வார்த்தை தயாரா காத்துக்கிட்டு இருந்திருக்கு.

திருப்பூருக்கு முன்னாடி இந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர் கல்கத்தா. அங்க பனியனுக்குப் பேரு 'கெஞ்சி'. இங்கிலீஷ் கால்வாய்ல இருக்கற கெர்ன்சி தீவு மாலுமிகளோட பின்னல் சட்டையில இருந்து வந்த பேரு. அதுக்குப் பக்கத்துத் தீவுதான் ஜெர்சி. நம்ம ஊர்ல தினமும் டன் கணக்குல ஓடற 'சிங்கிள் ஜெர்சி' துணிக்குப் பேரு குடுத்த தீவு. ஹோசியரின்னா ஆதியில காலுறை வியாபாரம். காலுல இருந்ததை நாம உடம்புக்கு ஏத்திட்டோம். மொத்தத்துல எங்க ஊர்த் தொழில்ல இருக்கற பேர் பாதி கப்பல்ல வந்து இறங்கினது.

சரி, இவ்வளவு நீளமா ஏன் சொல்றேன்னா, இந்த வார்த்தைக்கு எங்க ஊர்லயே இப்ப மரியாதை குறைஞ்சுக்கிட்டு வருது.

போர்டுகளைப் பார்த்தாலே தெரியும். 1956-ல திருப்பூர்ல உருவான முதலாளிகள் சங்கத்தோட பேர்ல ஹோசியரி இருக்கு. எழுபதுகளோட கடைசியில இத்தாலிக்காரங்க வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தாங்க. ஏற்றுமதி பெருகுச்சு. 1990-ல உருவான சங்கம் ஏற்றுமதியாளர் சங்கம். கம்பெனிப் பேருகளும் அப்படியே நிட்வேர், கார்மெண்ட்ஸ், அப்பேரல்ஸ், ஃபேஷன்ஸ்னு படி ஏறிடுச்சு. ஏற்றுமதிக் காகிதத்துல பனியன் செல்லாது. 6109-ங்கற சுங்க எண்ணுக்கு நேரா டி-ஷர்ட், சிங்லெட், வெஸ்ட்னுதான் இருக்கும். வெளிநாட்டுக்காரனுக்குப் புரியணும், அதனால அதை நான் குறை சொல்லலை. ஆனா பேரு மாறினது காகிதத்தோட நிக்கலை. உள்ளூர்க்கு விக்கிறவன் பனியன் கம்பெனிக்காரன், வெளிநாட்டுக்கு அனுப்பறவர் எக்ஸ்போர்ட்டர்னு ஒரு ஏணி வந்துடுச்சு. அதே துணி, அதே ஓவர்லாக், அதே டெய்லர். வார்த்தையில மட்டும் ஒருத்தர் மேல, ஒருத்தன் கீழே.

இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. 18-ஆம் நூற்றாண்டு கல்கத்தாவுல பனியன்னா, இங்கிலீஷ்கார துரைக்கும் உள்ளூர்க்காரனுக்கும் நடுவுல நின்னு பேசி, கணக்குப் பார்த்து, சரக்கு ஏற்பாடு பண்ணித் தர்ற ஆள். இன்னிக்குத் திருப்பூர்ல அச்சு அசலா அந்த வேலையைச் செய்யறவங்களுக்குப் பேரு பையிங் ஏஜென்ட். ஆதி அர்த்தப்படி பார்த்தா ஏசி ரூம்ல உக்காந்து வெளிநாட்டுக்கு மெயில் போடறவர்தான் அசல் பனியன்! தைக்கறவங்க எல்லாம் அப்புறம் வந்தவங்க. ஆனா அவர்கிட்ட போய் "நீங்க பனியனுங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க, அப்புறம் ஆர்டர் கிடைக்காது. :-)

போன வருசம் தங்கச்சிக்கு வரன் பார்க்க ஆரம்பிச்சோம். பி.என்.ரோட்டுல இருந்து தரகர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். பயோடேட்டாவை வாங்கிப் பார்த்துட்டு, அப்பா வேலைங்கற இடத்துல விரலை வெச்சார்.

"பனியன் கம்பெனின்னு போட்டா பெரிய இடம் எல்லாம் தள்ளிப் போயிருமுங்க. கார்மெண்ட்ஸ், புரொடக்‌ஷன் இன்சார்ஜ்னு போடுங்க. பையன் வேற பெங்களூர்ல ஐ.டி.யில இருக்கறார். பார்க்க நல்லாருக்கும்."

அம்மாவும், "அவரு சொல்றதும் சரிதானுங்களே, ஒரு வார்த்தைதானுங்க"ன்னாங்க. அம்மாவும் பதினஞ்சு வருசம் செக்கிங் பார்த்தவங்கதான். ஒன்றரை ஷிப்ட் பார்த்துட்டு ராத்திரி வந்து தலைமுடியில இருந்து பஞ்சு தட்டுவாங்க. அவங்களுக்கு அந்த வார்த்தை மேல கோபம் ஒண்ணும் இல்லை. பொண்ணு நல்ல இடத்துக்குப் போகணும், அவ்வளவுதான்.

அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் தரகர்கிட்ட, "ஏனுங்க, நாளைக்கு சம்பந்தி வந்து எங்க வேலைக்குப் போறீங்கன்னு கேட்டா நான் பனியன் கம்பெனிக்குன்னுதான் சொல்லுவேன். இருபத்தெட்டு வருசமா வாயில அதுதான் வருது. பயோடேட்டா ஒண்ணு சொல்லி வாய் ஒண்ணு சொன்னா, அதைத்தானுங்க கேவலம்னு சொல்லுவாங்க"ன்னார்.

என்னைப் பார்த்து, "அப்படியே இருக்கட்டும் சாமி"ன்னார்.

அப்படியே இருக்கு. ஜாதகம் பொருந்தியிருக்குன்னு சொன்ன ரெண்டு வீடு, பயோடேட்டா போனதுக்கப்புறம் பேசலை. காரணம் இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு அந்த சந்தேகம் இன்னும் இருக்கு. தங்கச்சிகிட்ட கேட்டேன். "அந்த ஒரு வரியைப் பார்த்துத் தள்ளிப் போறவங்க தள்ளியே இருக்கட்டும்ண்ணா, நான் போயி அங்க என்ன பண்றது"ன்னுட்டா. வரன் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்.

அதுக்கப்புறம் ஊருக்குப் போறப்பெல்லாம் இந்த வார்த்தை எங்கெங்க உயிரோட இருக்குன்னு கவனிக்க ஆரம்பிச்சேன். ஸ்டேஷன் பக்கத்துல காதர்பேட்டையில இருக்கு. மூட்டை மூட்டையா வெளியூருக்கு வாங்கிட்டுப் போற சில்லறை வியாபாரிங்க வாயில இருக்கு. முக்கியமா தொழிற்சங்கத்துல இருக்கு. 1984-ல 127 நாள் பஞ்சப்படிக்காக வேலைநிறுத்தம் பண்ணினவங்க பனியன் தொழிலாளர்கள். சம்பள உயர்வுக்குப் பேச்சுவார்த்தை நடக்கும்போதெல்லாம் இன்னிக்கும் 'பனியன் தொழிலாளர் சம்பள ஒப்பந்தம்'னுதான் பேச்சு. அப்பேரல்ஸ் தொழிலாளர்னு யாரும் கொடி பிடிச்சதில்லை. அதாவது லாபம் பேசற இடத்துல எல்லாம் பேரு மாறிப் போச்சு. கூலி பேசற இடத்துல மட்டும் பழைய பேரே இருக்கு.

ஒரு வியாபாரியோட பேரா கிளம்பி, மரமாகி, பட்டினி நாளாகி, சீமான்களோட பட்டு அங்கியாகி, கடைசியில வேர்வை துடைக்கற உள்சட்டையா எங்க ஊருக்கு வந்து சேர்ந்த வார்த்தை இது. முன்னூறு, நானூறு வருசத்துல எத்தனையோ பேர் கைமாறியிருக்கு. அவங்க யாரும் இந்த வார்த்தையை வெச்சு லட்சக்கணக்கான பேருக்கு சோறு போடலை. அதைச் செஞ்சது திருப்பூர். அதனால இதோட ஸ்பெல்லிங்கையும் அர்த்தத்தையும் முடிவு பண்ற உரிமை எங்க ஊருக்குக் கொஞ்சம் கூடுதலாவே உண்டுன்னு நான் நினைக்கறேன்.

ஆக, இங்கிலீஷ்ல 'ஐ' போடுங்க, 'ஒய்' போடுங்க, ரெண்டும் அகராதியில இருக்கு, ரெண்டும் சரி. தமிழ்ல ரெண்டு சுழி 'ன' போட்டு 'பனியன்'. எங்க ஊர்ச் சந்துகள்ல சில சமயம் மூணு சுழி போட்டு 'பணியன் கம்பெனி'ன்னு கையால எழுதின போர்டைப் பார்க்கலாம். 'பணியன் தைக்க டெய்லர் தேவை'ன்னு சுவத்துல நோட்டீஸும் ஒட்டியிருப்பாங்க. தமிழ் வாத்தியாருங்க பார்த்தா சிவப்புப் பேனாவை எடுப்பாங்க. பணின்னா வேலை. தினமும் எட்டரை மணிக்கு சங்கு ஊதறதுக்கு முன்னாடி உள்ள போயி, ராத்திரி எட்டரைக்கு வெளிய வர்றவங்களைப் பார்த்து எழுதின பேருன்னு வெச்சுக்கிட்டா, அந்த மூணு சுழியும் எனக்குத் தப்பாத் தெரியலைங்க.